இடுப்புப் பாய்

தீவுத் தலைநகரான நுக்குஅலோஃபாவில், தேவாலய வாசலில் வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. ஆக்லாந்திலிருந்து வரவழைத்த புகைப்படக்காரன் கிரெய்க், மணப்பெண்ணின் அப்பாவை நோக்கி விரலை ஆட்டுகிறான். "பெரியவரே, இடுப்புல இருக்குற அந்தக் கிழிஞ்ச பாயைக் கழட்டிடுங்க. படத்துல அசிங்கமா விழுது." நாலு தலைமுறைக் கல்யாணங்களில் மரியாதைக்காக இடுப்பில் கட்டிய பாய் அது. நையநைய அதற்கு மதிப்பு ஏறியிருக்கிறது. அப்பாவோ மறுபேச்சில்லாமல் கயிற்றின் முடிச்சைத் தேடுகிறார். அந்தப் பணிவைப் பார்த்ததும் மணப்பெண் லாவினியாவுக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பூச்செண்டைக் கீழே போட்டுவிட்டு, அவர் கையை விலக்கி, முடிச்சைத் தானே இறுக்குகிறாள். "விடுங்கப்பா." கிரெய்க் பக்கம் திரும்புகிறாள். "படம் புடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டோம், எங்கப்பாவைத் திருத்துறதுக்கு இல்ல. எடு இப்ப!" அவன் தடுமாறிக் கேமராவை உயர்த்துகிறான். "கொஞ்சம் சிரிங்களேன்..." லாவினியா சிரிக்கவில்லை. அப்பாவின் கையை இறுகப் பிடித்தபடி, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் அந்த முகத்தையே முறைக்கிறாள்.