கறுப்புப் படகு

கேளம்பாக்கத்துப் பட்டறையில் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி இருட்டாக்கியிருக்கிறார்கள். அச்சிலிருந்து காலையில் கழற்றிய ஃபைபர் படகுக்குள் பட்டறைக்காரன் கிருபாகரன் வழக்கம்போல் குண்டு பல்பைத் தொங்கவிடுகிறான். மற்ற படகுகளில் வெளிச்சம் பக்கச்சுவர் வழியே மஞ்சளாகக் கசியும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் வட்டமாகத் தனித்துத் தெரியும்; கடலில் அலை அடிக்க அடிக்க அங்கேதான் விரிசல் விடும். இந்தப் படகை வார்த்த ரெசின் பிசினில், பென்சில் கரியை மெல்லிய ஏடுகளாக உரித்தெடுத்த கிராஃபீனை வலுவுக்காகக் கலந்திருக்கிறாள் ஆராய்ச்சிக்காரி ஜாய்ஸ். ஆய்வகத்தில் டம்ளரளவு கலந்தால் சீராகப் பரவும். டிரம்மில் கலந்தால் கட்டி தட்டி, இடையிடையே ஒளி புகுந்துவிடும். இன்று எங்குமே புகவில்லை. வெளிச்சம் முழுவதும் மேலே எழும்பித் தகரக் கூரையில் படகின் வடிவத்தில் கிடக்கிறது. ஜாய்ஸ் சிரித்துக்கொண்டே படகைச் சுற்றி வருகிறாள். கிருபாகரனும் சுற்றி வருகிறான்.

"சூப்பர் மேடம். ஒரு குமிழிகூட இல்ல!"

அவள் சிரிப்பு நின்றுபோகிறது. இந்தக் கறுப்புக்குள் ஒன்றல்ல, நூறு குமிழி இருந்தாலும் தெரியாது. உள்ளங்கையால் படகைத் தடவுகிறாள், வழவழவென்றுதான் இருக்கிறது. வெளியே, படகை வாங்க வந்திருக்கும் கோவளத்துச் சந்தியாகு ஷட்டரைத் தட்டுகிறார்.

"இன்னாப்பா, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அண்ணாத்த!" என்கிறான் கிருபாகரன். ஜாய்ஸ் வாய் திறப்பதற்குள் ஷட்டர் மேலே ஏறுகிறது. கொட்டுகிற வெயிலிலும் படகு கறுப்பாகவே நிற்கிறது.