முதல் சிவப்புப் புள்ளி

குடிநீர்ப் பொறியாளரின் மேசைமேல், 'புகாரே இல்லாத பகுதி' என்று போன வருஷம் வாங்கிய கேடயம் பளபளத்தது. எதிரே வரைபடப் பிரிவு அதிகாரி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மக்கள் செல்போனில் புகார் அனுப்பினால், வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

"என் குன்றுப் பகுதியில ஒரே ஒரு புள்ளி காட்டுங்க, பார்ப்போம்!" என்று மார்தட்டினார் பொறியாளர்.

சொல்லி வாய் மூடவில்லை, குன்றில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. 'குழாயில காத்துதான் வருது. தூங்குறீங்களா?'

அவள் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள்.

"என் மானம் கப்பலேறுது, உங்களுக்குக் கொண்டாட்டமா?"

"இல்ல சார், செல்போன் டவர் வரைபடத்தை இதுமேல வச்சுப் பார்த்தேன். குன்றுல சிக்னலே கிடையாது, அப்புறம் புகார் எப்படி வரும்! மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். நேத்துதான் டவர் வேலை செய்ய ஆரம்பிச்சுது."

அதற்குள் மளமளவென்று குன்று முழுக்கச் சிவந்துவிட்டது.

பொறியாளர் போனை எடுத்தார். "குன்றுக்கு உடனே தண்ணி லாரியை விடுப்பா. நானும் வர்றேன்."

கிளம்பும்போது கேடயம் கண்ணில் பட்டது. "இதை என்னம்மா பண்றது?"

"கையோட எடுத்துட்டுப் போங்க சார். அங்க ஏத்தம் ஜாஸ்தி, லாரி டயருக்கு முட்டுக் கொடுக்கலாம்."