கடலை மறைத்த வண்டி

"என்னங்க, அந்த ஆள் மறுபடியும் நம்ம வேனைச் சுத்தி வர்றான்."

மனைவி கிசுகிசுத்தாள். கணவன் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தான்.

மழைக்கோட்டுக்குள் ஒரு தாடிக்காரர். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். வேனின் பக்கவாட்டைக் கையால் தட்டினார். அண்ணாந்து கூரையை அளந்தார்.

"பின்னாடி கட்டியிருக்கிற சைக்கிளை நோட்டம் விடுறான்."

"சைக்கிளையா? காலையில பேச வந்தப்போ பாப்பாவைத்தான் பார்த்துக்கிட்டு நின்னான். எனக்கு அதுதான் பிடிக்கலை."

மூன்று நாள் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன். உள்ளேயே கட்டில், அடுப்பு, சொப்பு சாமான் மாதிரி ஒரு குட்டித் தொட்டி. படுத்தபடியே அலை பார்க்க வேண்டும் என்று, பெரிய ஜன்னல் கடலைப் பார்க்கும்படி வண்டியைக் குறுக்காக நிறுத்தியிருந்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தக் கடற்கரை முகாமில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

"லீவு போட்டது போட்டதுதான்" என்று இவன் இருந்துவிட்டான்.

காலையில் தாடிக்காரர் வந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, வண்டி மூக்கு கடலைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்திக்குங்களேன்."

"ஏன் சார்?"

அவர் வாயைத் திறந்தார். வேன் வாசலில், எங்கோ உருண்ட இடிக்கே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்ற அவர்களுடைய ஆறு வயது மகளைப் பார்த்தார்.

"சும்மாதான்... திருப்பிக்குங்க" என்று மென்று விழுங்கிவிட்டுப் போனார்.

"நாம குறுக்க நிக்கிறதால பின்னாடி இருக்கிற அவனுக்குக் கடல் தெரியலை. அதான் எரியுது" என்றான் கணவன். திருப்பவில்லை.

மத்தியானம் மழை வலுத்தது. திடீரென்று வேனுக்குள் இருட்டியது.

"அப்பா, கடலைக் காணோம்!" என்றான் நான்கு வயதுப் பையன்.

ஜன்னல் முழுக்கத் துருப்பிடித்த தகரம். தாடிக்காரர், வீடாக மாற்றி வைத்திருந்த தன் பழைய லாரியைக் கொண்டுவந்து, கடலுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒட்டி நிறுத்தியிருந்தார்.

"பார்த்தியா, பழி வாங்குறான்! இவ்வளவு இடம் காலியாக் கிடக்கு, இங்கதான் வரணுமா?"

"கையை நீட்டினா நம்ம ஜன்னல். புள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படிங்க இருக்கிறது? போன் பண்ணுங்க."

முகாம் மேலாளர் வந்தார். அவருடைய குடை ஏற்கெனவே தலைகீழாகத் திரும்பியிருந்தது.

"ரெண்டு வண்டிக்கு நடுவுல நாலு மீட்டர் இருக்கணும் சார். எடுங்க."

தாடிக்காரர் இறங்கி வந்தார். "காத்து அடங்கட்டும். நானே எடுத்துடுறேன்."

"இப்பவே எடுக்கணும்!" என்றான் கணவன்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி வாங்க. தனியா ஒரு வார்த்தை."

"தனியா என்ன ரகசியம்? எதுவா இருந்தாலும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க!"

வேன் வாசலில் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். தாடிக்காரர் அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஏறி, லாரியைக் கிளப்பினார்.

"பார்த்தீங்களா? பதிலே இல்லை. திருட்டு முழி" என்றாள் மனைவி.

"ஹை, கடல்!" என்று பையன் கைதட்டினான்.

இரண்டாவது தட்டு தட்டுவதற்குள் வந்தது அந்தக் காற்று.

மேஜையிலிருந்த டம்ளர்கள் வரிசையாக வழுக்கி விழுந்தன. அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் கொட்டின. கடல் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, தொப்பென்று விழுந்தன. மறுபடி எழும்பின, இன்னும் உயரமாக. மனைவி இரண்டு பிள்ளைகள்மேலும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கணவன் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அது ஒரு துண்டு மாட்டும் கொக்கி.

எங்கோ ஒரு என்ஜின் உறுமியது. ஜன்னல் இருண்டது.

கதவைச் சாத்தியது போலக் காற்று நின்றது. வேன் மெல்லத் தரையில் உட்கார்ந்தது.

"மறுபடியும் கடலைக் காணோம்" என்றான் பையன்.



கணவன் மழையில் இறங்கி ஓடினான். லாரியின் பக்கத்தில் நின்று கத்தினான்.

"சார்... இதுக்குத்தானா சார்? எங்க வண்டி கவிழ்ந்துடும்னு காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"ஸ்ஸ்ஸ்..." தாடிக்காரர் அவசரமாக உதட்டில் விரல் வைத்தார். வேன் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எங்கயோ இடி இடிச்சாலே காதைப் பொத்திக்கிற புள்ள தம்பி அது. அவ காதுபட எப்படிச் சொல்றது?"