டர்போன்னா சொன்னீங்க?

"டர்போவா? எங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

பக்ருன்னிசா காரைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றாள். அது 1964. கன்னிவாடித் தோப்புக்குள் நின்றிருந்தது அந்தப் பழைய வெளிநாட்டுக் கார். பச்சைப் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை.

"ஆமாங்கக்கா," என்றார் காரை விற்க வந்த ஒட்டன்சத்திரம் சென்னியப்பன். "அமெரிக்காவுல ரெண்டு வருசம் முந்தித்தானுங்க காருக்கே இது வந்துச்சு. வெளிய போற புகையே ஒரு விசிறியச் சுத்தி, இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி ஊட்டும். மேடெல்லாம் பறக்குமுங்க."

"வளவிய வித்து வாங்குறேன் தம்பி. ஏமாந்தா எங்கதி அம்புட்டுதேன். எத்தன வருசமா உங்ககிட்ட இருக்கு?"

"எட்டு வருசமுங்க. ஒரு போல்ட்டுகூடக் கழட்டினதில்லீங்க."

"ரெண்டு வருசம் முந்தி வந்த டர்போ, எட்டு வருசமா உங்ககிட்ட இருக்குற வண்டியில எப்படி ஏறுச்சு?"

சென்னியப்பன் இருமினார். அவளோடு வந்தவர் மாமரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணி மிதிங்க," என்றாள் பக்ருன்னிசா.

மிதித்த உடனே இஞ்சின் 'ஊய்ங்' என்று ஊளையிட்டது.

"புகை சேர்ந்து விசிறியச் சுத்தச் செத்த நேரமாகணும்ல? இது மிதிச்ச ஒடனே கத்துது. பானட்டத் தொறங்க."

திறந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"புகையில சுத்துறதுக்குப் பெல்ட்டு எதுக்கு? இது சூப்பர்சார்ஜரு. இஞ்சினே பெல்ட்டு போட்டுச் சுத்துது. பொய் சொல்ற எடத்துல எனக்கென்ன வேல? வாரேன்."

"அக்கா, அக்கா! சூப்பர்சார்ஜர்தானுங்க. வெலைக்காக ஒரே ஒரு பொய். மத்ததெல்லாம் சத்தியமுங்க. அந்தத் தோல் பெல்ட்டுகூட எட்டு வருசமா அப்படியே கெடக்குதுங்க, அறுந்தே போகல!"

"சூப்பர்சார்ஜரு, எட்டு வருசம், பெல்ட்டு மாத்தல. இத எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"இப்பவே போடறனுங்க."

எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மரத்தடிக்குப் போய்ப் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரிடம் நீட்டினாள் பக்ருன்னிசா.

"வச்சுக்கங்க ஏட்டய்யா. என் சூப்பர்சார்ஜர் காரக் காணோம்னு நான் பிராது குடுத்து ஒரு மாசமாச்சு. பெயின்ட்ட மாத்துனவரு பெல்ட்ட மாத்தல. அது, போன பக்ரீத்துக்கு மறுநா எங்க தோல் ஷாப்புல நான் வெட்டித் தச்சது."