மூன்றாம் முறையும் பதில் இல்லை

“ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுந்து வேலையைப் பார்க்கும், சரி. செத்துப்போச்சுன்னு அதுக்கு யாரு போய்ச் சொல்றது?”

மருத்துவமனை நிர்வாகி விடுவதாக இல்லை. காலையிலிருந்து சர்வர் அறையில் குளிரில் நின்று இரண்டு இயந்திரங்களையும் இணைத்து முடித்திருந்தாள் அந்தப் பொறியாளர். நோயாளிகளின் விவரம் அத்தனையும் இனி இவற்றில்தான். ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

“யாரும் சொல்ல வேண்டாம் சார். ‘இருக்கேன், இருக்கேன்’னு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கும், நாடித்துடிப்பு மாதிரி. மூணு தடவை சத்தம் வரலைன்னா, போயிடுச்சுன்னு முடிவு பண்ணி மத்தது பொறுப்பெடுத்துக்கும். இந்த கிளஸ்டர் சாஃப்ட்வேருக்கு அதுதான் வேலை.”

“அப்போ மூணாவதா அந்தச் சின்னப் பெட்டி எதுக்கு? அதுக்கும் ஒரு பில்லா?”

“அது சாட்சி சார். அது இல்லாம ரெண்டை மட்டும் விடவே கூடாது.”

ஏன் என்று விளக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு போய்விடும். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. பெட்டகத்திலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

அப்பாவிடமிருந்து செய்தி இல்லை.

இதய அறுவை முடிந்தும் தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தவர். சரி, காலை, மதியம், மாலை ‘உள்ளேன்’ என்று அனுப்பியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தாள். “நீயும்தான் அனுப்பணும். நீ மட்டும் என்ன கூட்டுக் குடும்பமா?” என்றார் அப்பா. மூன்று முறை தப்பினால் யோசிக்காதே, கதவை உடை என்றும் சொல்லிவைத்தார். தீயணைப்பு வண்டியிலேயே தலை நரைத்தவர், வேறெப்படிப் பேசுவார். பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது மட்டும், “நமக்கு நடுவுல மூணாவது ஆள் எதுக்கு?” என்றுவிட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

நேற்று மாலை வரவில்லை. சீக்கிரம் தூங்கியிருப்பார் என்று நினைத்தாள். இன்று காலையும் வரவில்லை. வேலை அவசரத்தில் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது மதியமும் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் மட்டும் தவறியிருந்தன. கடன் அட்டை விற்கிறவர்களாக இருக்கும். அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

நகரத்தின் மறுகோடிக்கு வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. தட்டினாள், கத்தினாள். மறுபடி அழைத்தபோது கைபேசி உள்ளேதான் ஒலித்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. செங்கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியை நொறுக்கி, கைவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கட்டில் காலி. குளியலறை காலி. கைபேசி சார்ஜரில் கிடந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

“என்னடி இது, கையெல்லாம் ரத்தம்? அப்பா உன்னைப் பார்க்கத்தான் போயிருக்காரு. நேத்து சாயங்காலமே ரீசார்ஜ் பேக் தீர்ந்து நெட்டும், கால் போறதும் நின்னது மனுஷனுக்குத் தெரியல. உன் மெசேஜ் எதுவும் வரலைன்னு என் போன்லேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டாரு, நீ எடுக்கல. அப்படியே ஆட்டோ பிடிச்சிட்டாரு.”

அவளுடைய கைபேசி ஒலித்தது. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளி.

“மேடம், யாரோ ஒரு பெரியவர் கோடாலியோட வந்து உங்க கதவைப் பொளந்துட்டாரு. பிடிச்சு உக்கார வச்சிருக்கோம். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேட்டுக் கேட்டு அழறாரு. என்ன சொல்றது?”

அவள் உடைந்த ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“‘உள்ளேன்’னு சொல்லுங்க.”