பத்து புள்ளி நாலு

"பத்து புள்ளி நாலா?"

தேர்வாளர் கரோலினின் சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது.

திருவொற்றியூரில் ஒரு பள்ளி. பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறைத் தேர்வு. நூலில் தொங்கும் குண்டை ஆட்டிவிட்டு, லேபில் இருக்கும் ஒரே ஸ்டாப் வாட்ச்சில் நேரம் பார்த்து, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒன்பது புள்ளி எட்டு. புத்தகத்திலும் அதுதான். நர்மதாவுக்கு மட்டும் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுத்திருந்தது.

"புத்தகத்துல எவ்வளவும்மா?"

"ஒம்பது புள்ளி எட்டு மிஸ்."

"தெரிஞ்சுமா இப்படி எழுதினே?"

"மூணு வாட்டி பாத்துட்டேன் மிஸ். இருவது ஆட்டத்துக்கு முப்பத்தொம்பது செகண்டுதான் வருது."

இயற்பியல் ஆசிரியர் திருமுருகன் பதறி ஓடிவந்தார்.

"அடிச்சுட்டு நாப்பது செகண்டுன்னு எழுதும்மா, ஒம்பது புள்ளி எட்டு வந்துடும். மார்க் போயிடும்!"

பாவம், நல்ல மனுஷர். அவள் மார்க் போய்விடக் கூடாதே என்ற தவிப்பு அவருக்கு.

நர்மதாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடிக்கவில்லை.

"எங்கம்மா மீன் விக்குது சார். தராசுல இன்னா காட்டுதோ அதத்தான் சொல்லணும்னு சொல்லும்."

கரோலினுக்குச் சுருக்கென்றது. தானே குண்டை ஆட்டிவிட்டார். ஒரு கையில் பள்ளியின் வாட்ச், இன்னொரு கையில் தன் செல்போன். இருபது ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் நிறுத்தினார்.

செல்போனில் நாற்பது. வாட்ச்சில் முப்பத்தொன்பது.

"வாட்ச் மெதுவா ஓடுது! இதுல யாருக்குமே நாப்பது வராதே!"

நர்மதாவுக்கு முழு மார்க் போட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தார். அவர் மனசு நிறைந்துபோனது. அதே வேகத்தில் திருமுருகன் பக்கம் திரும்பினார்.

"மத்த அஞ்சு பேரும் வாட்ச்சைப் பாக்கவே இல்ல சார்! விடையை முதல்ல எழுதிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி நேரத்தைப் போட்டிருக்காங்க. இதைக்கூடக் கவனிக்க மாட்டீங்களா?"

திருமுருகன் தலைகுனிந்தார். லேப் உதவியாளர் கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"சாரை இன்னாத்துக்கு மேடம் திட்றீங்கோ? அந்த வாட்ச்சு கீய வுயுந்து ரெண்டு வருசமாவுது. போன வருசமும் நீங்கதானே வந்தீங்கோ? அல்லாருக்கும் ஒம்பது புள்ளி எட்டு வந்துச்சுன்னு ஃபுல் மார்க் போட்டுட்டு, சாருக்குக் கை குடுத்துட்டுப் போனீங்களே!"