காதில் விழுந்தவை

"தூக்கம் வந்தா தூங்குங்க பிள்ளைங்களா. நானே ஒம்பது நாள் தூங்குனவன்தான்!"

வகுப்பறை சிரித்தது. வருங்கால மருத்துவர்கள் அறுபது பேர். பக்கவாதத்தில் பிழைத்தவரின் அனுபவத்தை அவர் வாயாலேயே கேட்க வந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த தையற்காரரின் வலக்கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல மடியில் கிடந்தது. பின்னால் நின்ற மகன், கோணிய வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டான்.

"நிஜமாவே தூங்குனீங்களா ஐயா?" என்றாள் முன்வரிசை மாணவி.

"எங்கம்மா தூங்கறது? கண்ணைத் திறக்க முடியலை, விரலை அசைக்க முடியலை. காது மட்டும் புதுக் கத்திரி மாதிரி. நர்ஸம்மா மாமியாரைத் திட்டுனது, டாக்டர் கார் வாங்குனது, எல்லாம் விழுந்துச்சு."

மகனின் கை அப்படியே நின்றது. இரண்டு வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டுகிறான், கழுவிவிடுகிறான், ஊட்டுகிறான். இந்த ஒன்றை மட்டும் கேட்கத் துணிந்ததில்லை. மூன்றாம் நாள், அந்தக் கட்டிலோரம் நின்றுதான் அவன் டாக்டரிடம் சொன்னான்: "ஆபரேஷன் வேண்டாம் சார். விட்டுடுங்க."

"உங்க வீட்டு ஆளுங்க பேசுனதும் கேட்டுச்சா?" மாணவி விடவில்லை.

தையற்காரர் மடியில் கிடந்த வலக்கையை இடக்கையால் எடுத்து நேராக வைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா. 'எங்கப்பாவை எப்படியாவது காப்பாத்துங்க'ன்னு என் பையன் அழுதான். அதான் பொழைச்சேன்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. மகன் தலை நிமிரவில்லை.

நடைவழியில் ஆளில்லாத இடம் வந்ததும் நாற்காலியை நிறுத்தி, முன்னால் மண்டியிட்டான்.

"நான் அப்படிச் சொல்லலையேப்பா."

"தெரியும்."

"அத்தனை பேர் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. என்னை மன்னிச்சிடுங்கப்பா. ஏதோ புத்தி கெட்டுப்போய் சொல்லிட்டேன். ஆனா மறுநாளே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா."

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக, சிரமப்பட்டு வந்தன.

"விட்டுடுங்கன்னு நீ சொன்னப்ப, உள்ளுக்குள்ள நானும் அதையேதான்டா கத்திக்கிட்டிருந்தேன். புள்ளைக்காவது புரிஞ்சுதேன்னு அன்னிக்கு ராத்திரி நிம்மதியா இருந்தேன். மறுநாள் ஏன்டா மனசை மாத்திக்கிட்டே?"